பள்ளி வாசலில் காலையும் மாலையும்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

தொடங்கியவர் (பெற்றோர் தன்னார்வலர்)

பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் பெற்றோர் குழுவில் நானும் இருக்கிறேன். மணி அடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரம், ஒளிரும் சட்டையும் 'நில்' பலகையுமாக வாசலில் நிற்பது என் வேலை. அங்கே நெரிசலை உண்டாக்குவதே பிள்ளைகளை இறக்கிவிட வரும் வண்டிகள்தான். சாலையைக் கடக்கப் போட்டிருக்கும் வரிக்கோட்டின் (ஜீப்ரா கிராசிங்) மேலேயே நாலு வண்டி நின்றுவிட்டால் போதும், அந்தக் கோடு இருந்தும் பயனில்லை.

போன மாதம் நடந்தது இது. ஒரு கார் வரிக்கோட்டை மறைத்து நின்றது. அதிலிருந்து இறங்கிய சிறுமி காருக்கு முன்பக்கமாகச் சுற்றி எதிர்ப்புறம் ஓடினாள். அதே நேரம் காரைத் தாண்டி ஒரு பைக் வந்தது. பைக் ஓட்டியவருக்கு அவள் தெரியவில்லை, அவளுக்கும் பைக் தெரியவில்லை. நான் விசில் ஊதினேன். வேகத்தடையில் ஏறி இறங்கிய பைக் மெதுவாகத்தான் வந்தது, அதனால் அவளுடைய பையை உரசியபடி நின்றுவிட்டது. பைக்காரருக்குக் கை நடுங்கியது. காரில் இருந்தவர், "ஒரு நிமிஷம்தானே நிறுத்தினேன்" என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று இதைத் தொடங்குகிறேன். உங்கள் தெருவில் என்ன நடக்கிறது?

ஓட்டுநர் பயிற்சியாளர்

அந்த வேகத்தடை அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவர் அந்த விநாடியில் 8 மீட்டர் கடந்துவிடுவார், காய்ந்த சாலையில் இன்னும் 5 மீட்டரில் நின்றும்விடுவார். மொத்தம் 13 மீட்டர். 50இல் போகிறவருக்கு அந்த முதல் விநாடியிலேயே 14 மீட்டர் போய்விடும். முன்னவர் நின்றுவிட்ட இடத்தில் இவர் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

என்னிடம் கற்க வருகிறவர்களைப் பள்ளித் தெருவுக்கு அழைத்துப் போய்த் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு இதைக் காட்டுகிறேன். வாயால் சொன்னபோது தலையாட்டியவர்கள், கோட்டைப் பார்த்ததும் பேச்சில்லாமல் நிற்கிறார்கள். நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் 30தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020இல் சாலைப் பாதுகாப்புக்கான உலக மாநாட்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் முக்கியச் சாலைகள் நீங்கலாக ஊர் முழுக்க அந்த வரம்பை 1992லேயே கொண்டுவந்துவிட்டது. பலகை மட்டும் நட்டால் யாரும் குறைக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேடு வேண்டும், இல்லையென்றால் சாலையைக் குறுக்க வேண்டும். வண்டியின் உடம்புக்குத் தெரிந்தால்தான் ஓட்டுகிறவர் காலை எடுப்பார்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியை

"பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் போதுமே" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது சொல்கிறார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறோம். ஒருமுறை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நடைபாதை ஓரம் நிறுத்தி, இருபக்கமும் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் அழகாகத் தலையைத் திருப்பினார்கள். "அந்தப் பக்கம் என்ன வந்தது?" என்று கேட்டேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. தலை திரும்பியது, கண் பார்க்கவில்லை.

அந்த வயதில் வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கும் திறன் இன்னும் முதிர்ந்திருக்காது. எதிர்ப்புறம் அம்மா நிற்பதைப் பார்த்துவிட்டால் சாலையே மறந்துபோகும். அதனால் பெற்றோரிடம் நான் விடாமல் கேட்டுக்கொள்வது: எதிர்ப்புறம் நின்று கையாட்டிக் கூப்பிடாதீர்கள், நீங்களே கடந்து வந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வேன் ஓட்டுறவன்

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. என் பக்கத்துலேர்ந்து சொல்றேன். வேன்ல உட்கார்ந்தா முன் பம்பரை ஒட்டி நிக்கிற சின்னப் பிள்ளை எனக்குத் தெரியாது. கண்ணாடியிலயும் தெரியாது. தண்ணி பாட்டில் உருண்டுச்சுன்னா பிள்ளை குனிஞ்சு சக்கரத்துக்குள்ள கையை விடும். அதனால கூட வர்ற அக்கா இறங்கி, எல்லாப் பிள்ளையும் கேட்டுக்குள்ள போனப்புறம் வண்டியைச் சுத்திப் பார்த்துட்டுக் கையைத் தட்டினாத்தான் நான் கியரைப் போடுவேன். பின்னாடி எத்தனை ஹாரன் அடிச்சாலும் சரி.

ரிவர்ஸ் எடுக்கவே கூடாதுங்கிறது இன்னொண்ணு. சுத்திப் போனா நேரம் ஆகும்தான், ஆகட்டும். வாசல் இருக்கிற பக்கமாத்தான் இறக்குவேன், ஒரு பிள்ளையும் வேனுக்கு முன்னாடி ரோட்டைக் கடக்கக் கூடாது. பள்ளிக்கூட வண்டி நிக்கிறப்ப தாண்டிப் போறவங்களைப் பார்த்தா வயிறு எரியுதுங்க.

தெருவாசி

எங்கள் தெருவில் பள்ளி நேரத்தில் வண்டிகளையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு முனையிலும் தடுப்பு வைப்பார்கள். குடியிருப்பவர்கள், ஆம்புலன்ஸ், நடக்க முடியாத பிள்ளையை அழைத்துவரும் வண்டி, இவர்களுக்கு மட்டும் வழி. இத்தாலியின் போல்சானோவில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இப்படிச் செய்திருக்கிறார்கள். லண்டனில் 2020க்குப் பிறகு நூற்றுக்கணக்கான பள்ளிகளில் இது வந்தது.

தொடக்கத்தில் நெரிசல் அப்படியே அடுத்த தெருவுக்கு நகர்ந்தது, அங்கே இருப்பவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. பிறகு இறக்கிவிட வெவ்வேறு திசைகளில் இடம் குறித்து, அங்கிருந்து பிள்ளைகளைக் கூட்டமாக நடத்தி வர ஆள் போட்டார்கள். சின்ன வகுப்புகளையும் பெரிய வகுப்புகளையும் வெவ்வேறு நேரத்தில் விட்டார்கள். அதற்கப்புறம்தான் இரண்டு தெருவும் மூச்சு விட்டன. தடுப்பு மட்டும் வைத்து நிறுத்தியிருந்தால் திட்டம் செத்திருக்கும்.

புதிய உறுப்பினர்

எங்கள் பள்ளி பெரிய சாலையிலேயே இருக்கிறது, மூட முடியாது. எதைக் கேட்பது?

தொடங்கியவர்

முதலில் வரிக்கோட்டுக்கு இருபுறமும் சில மீட்டர் தூரம் எந்த வண்டியும் நிற்காதபடி கம்பம் நடச் சொல்லுங்கள். பிள்ளையும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்க்க அதுதான் வழி. சாலை நடுவில் நின்று மூச்சுவிட ஒரு மேட்டுத்திட்டு அமைக்கக் கேளுங்கள், இரண்டு திசையையும் ஒரே தடவையில் கணிக்க வேண்டியிருக்காது. பக்கவாட்டில் சின்னத் தெரு இருந்தால் வாசலை அந்தப் பக்கம் திறக்க முடியுமா என்று பள்ளியிடம் பேசிப் பாருங்கள். மனுவோடு காலை நேரத்து வீடியோ ஒன்றையும் சேருங்கள், பிள்ளைகளின் முகமும் வண்டி எண்ணும் தெரியாமல்.