வரிசையா அஞ்சு ஸ்ட்ரைக் அவுட்: 1934 ஆல்ஸ்டார் மேட்ச்ல நிஜமா நடந்தது என்ன?

ஃபவுல்பால்_பார்ட்டி:
பேஸ்பால் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்கப்பா. நேத்து ஒரு ஆன்லைன் க்விஸ்ல 1934 ஆல்ஸ்டார் மேட்ச் (அமெரிக்காவோட ரெண்டு பெரிய லீக்லேர்ந்தும் டாப் ஆளுங்க மோதுற மேட்ச்) பத்தி மூணு கேள்வி வந்துச்சு. பிட்சர் (பந்து போடுறவர்) கார்ல் ஹப்பெல் வரிசையா அஞ்சு பெரிய தலைகளை ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக் விழுந்து பேட்ஸ்மேன் அவுட்) பண்ணாருல்ல, அந்த மேட்ச்தான். அஞ்சு பேரையும் தூக்கத்துல எழுப்பி கேட்டா கூட சொல்லுவேன், ரூத், கெரிக், ஃபாக்ஸ், சிம்மன்ஸ், க்ரோனின். ஆனா அவங்க அத கேக்கவே இல்ல! "மேட்ச் தொடங்கினதும் அவர் சந்திச்ச முதல் அஞ்சு பேர் இவங்கதானா"ன்னு ஒண்ணு, "ஹப்பெல் டீம் எத்தனை ரன்ல ஜெயிச்சுது அல்லது தோத்துது"ன்னு ஒண்ணு, "அன்னிக்கு அவர்கிட்ட ஸ்ட்ரைக் அவுட் ஆன ஆறாவது ஆள் யாரு"ன்னு ஒண்ணு. மொதல் கேள்விக்கு ஆமான்னு போட்டேன், ரெண்டாவதுக்கு ஜெயிச்சுதுன்னு குத்துமதிப்பா அடிச்சேன், மூணாவதுக்கு பில் டிக்கின்னு போட்டேன். மூணுமே தப்பாம். அஞ்சு பேரை அப்படி தூக்குன டீம் எப்படிங்க தோக்கும்?

பழைய_ஸ்கோர்கார்டு:
தோத்துச்சு பாஸ், 9-7. அமெரிக்கன் லீக் ஒம்பது, ஹப்பெல் ஆடுன நேஷனல் லீக் ஏழு. இந்த மேட்ச் பத்தி பேசுற பத்து பேர்ல ஒம்பது பேர் ரெண்டாவது இன்னிங்ஸோட டிவியை ஆஃப் பண்ணிட்டு போன மாதிரிதான் பேசுவாங்க, அதனால நீங்க மட்டும் இல்ல. (1934ல ஏது டிவி, ரேடியோன்னு வெச்சுக்கோங்க.)

மொதல்லேர்ந்து வரேன். 1934 ஜூலை 10, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ், ஹப்பெலோட சொந்த கிரவுண்ட், அவர் நியூயார்க் ஜயண்ட்ஸ் ஆளு. பேட்டிங் வரிசைல முதல் ஆளு சார்லி கெரிங்கர், வந்ததும் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரைக்கும் போற அடி) அடிச்சாரு. அடுத்தது ஹைனி மானுஷ், அவருக்கு நாலு பாலும் வெளிய போட்டு முதல் பேஸுக்கு சும்மாவே நடக்க விட்டாச்சு. ஆக யாரும் அவுட் ஆகல, பேஸ்ல ரெண்டு பேரு, வரப்போறது பேப் ரூத். இந்த நிலைமைலதான் அந்த அஞ்சு ஆரம்பிக்குது. உங்க மொதல் கேள்வி அங்கேயே போச்சு, முதல் அஞ்சு பேர் இல்ல, மூணாவது ஆள்லேர்ந்து ஏழாவது ஆள் வரைக்கும்.

ரூத் மூணாவது ஸ்ட்ரைக்க பாத்துக்கிட்டே நின்னுட்டாரு, பேட்டை வீசவே இல்ல. ஸ்கோர் எழுதுறவங்களுக்கு தெரியும், வீசி தவறவிட்டா கே எழுத்தை நேரா போடுவோம், சும்மா நின்னு அவுட் ஆனா அதையே திருப்பி கண்ணாடில தெரியுற மாதிரி போடுவோம். நான் பழைய மேட்ச்சை எல்லாம் விவரம் படிச்சு காலி ஸ்கோர்கார்டுல திரும்ப எழுதிப் பாக்குற கிறுக்கு உள்ளவன், இந்த மேட்ச்ல ரூத் கட்டத்துல அந்த திருப்பிப்போட்ட கே போடும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. அடுத்து கெரிக் வீசி அவுட், அதுக்கு நடுவுல கெரிங்கரும் மானுஷும் சேர்ந்து ஆளுக்கு ஒரு பேஸ் திருடி (அடி விழாமயே ஓடி அடுத்த பேஸுக்கு போறது) மூணாவதுலயும் ரெண்டாவதுலயும் வந்து நிக்கிறாங்க. இப்ப ஒரு நல்ல அடி விழுந்தா ரெண்டு ரன். வந்தவர் ஜிம்மி ஃபாக்ஸ், முந்தின வருஷம்தான் ட்ரிபிள் கிரவுன் (பேட்டிங்ல மூணு முக்கிய கணக்குலயும் லீக்ல முதலிடம்) வாங்குனவரு. அவரும் ஸ்ட்ரைக் அவுட். ரெண்டாவது இன்னிங்ஸ்ல அல் சிம்மன்ஸ், ஜோ க்ரோனின்.

தூஸ்ரா_ரசிகன்:
பேஸ்பால் எனக்கு அரைகுறை, ஆனா ஹப்பெல் போட்ட அந்த ஸ்க்ரூபால் மட்டும் படிச்சிருக்கேன். கிரிக்கெட் பாக்குறவங்களுக்கு சொல்லணும்னா ஒரு வகைல தூஸ்ரா மாதிரின்னு வைங்க, எந்தப் பக்கம் போகும்னு எதிர்பாக்குறமோ அதுக்கு எதிர்ப்பக்கம் போகும். இடதுகை பிட்சர் சாதாரணமா போடுற கர்வ் (வளைஞ்சு போற பந்து) வலதுகை பேட்ஸ்மேன் பக்கமா உள்ள வரும், ஸ்க்ரூபால் அவர விட்டு வெளிய ஓடும். அதுக்கு கைய உள்பக்கமா முறுக்கி விடணும், அத வருஷக்கணக்குல போட்டு போட்டு ஹப்பெலோட இடது கை சும்மா தொங்கவிட்டு நிக்கும்போதே உள்ளங்கை வெளிப்பக்கம் பாத்து நிக்குமாம். போட்டோல பாத்தா உங்க கைய நீங்களே ஒரு தடவ தொட்டு பாத்துப்பீங்க.

இதுல கொடுமை என்னன்னா அவர மொதல்ல டெட்ராய்ட் டீம்தான் வெச்சிருந்துச்சு, அங்க ஸ்க்ரூபால் போடாத கை போயிடும்னு தடுத்து, கடைசில ஒரு மேட்ச் கூட ஆட விடாமயே அனுப்பிட்டாங்க. ஜயண்ட்ஸ் வந்து மொத்தம் 253 மேட்ச் ஜெயிச்சாரு.

ஃபவுல்பால்_பார்ட்டி:
சரி அப்ப ஆறாவது ஆள் டிக்கி இல்லையா? க்ரோனினுக்கு அடுத்து அவர்தானே வந்தாரு?

பழைய_ஸ்கோர்கார்டு:
வந்தாரு, ஆனா அவர் சிங்கிள் அடிச்சு தப்பிச்சுட்டாரு. வரிசை உடைஞ்சது டிக்கியாலதான், பாவம் அவர் பேரை யாரும் சொல்றதில்ல, அந்த பேட்டிங் லிஸ்ட்ல அடிச்சவன் பேரு மறந்துபோயி அவுட் ஆனவங்க பேரு நிலைச்சுது பாருங்க. டிக்கிக்கு அடுத்தது பிட்சர் லெஃப்டி கோமெஸ். அப்பல்லாம் பிட்சரே பேட்டிங் பண்ணணும், அவருக்கு பதிலா அடிக்க தனி ஆள் கிடையாது. கோமெஸ் ஸ்ட்ரைக் அவுட். அதான் உங்க ஆறாவது.

டபுள்ப்ளே_தங்கம்:
எப்படி தோத்தாங்கன்னு யாரும் சொல்லலயே, நான் சொல்றேன். ஹப்பெல் மூணு இன்னிங்ஸ் போட்டாரு, ஒரு ரன் கூட குடுக்கல. அதுக்குள்ள நேஷனல் லீக் 4-0ன்னு முன்னாடி போயிடுச்சு, ஃப்ராங்கி ஃப்ரிஷ் மொதல் ஆளா வந்து ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளிய அடிச்சு எல்லா பேஸும் சுத்தி வர்றது), மூணாவது இன்னிங்ஸ்ல ஜோ மெட்விக் மூணு ரன் ஹோம் ரன். ஹப்பெல் போய் உக்காந்ததும் ஆரம்பிச்சுது கச்சேரி, நாலாவதுல லான் வார்னெக் ரெண்டு குடுத்தாரு, அஞ்சாவதுல மட்டும் ஆறு ரன் போச்சு, வான் லிங்கில் மங்கோதான் தோத்த பிட்சர்னு கணக்குல இருக்காரு. அப்புறம் ஆறாவதுல இன்னொண்ணு.

ஆனா என்னைக் கேட்டா அன்னிக்கு ஹீரோ அமெரிக்கன் லீக் பிட்சர் மெல் ஹார்டர். அஞ்சாவது இன்னிங்ஸ் நடுவுல எதிரணி வெளுத்துக்கிட்டு இருக்கும்போது உள்ள வந்து, அப்புறம் கடைசி வரைக்கும் அஞ்சு இன்னிங்ஸ், குடுத்தது ஒரே ஒரு ஹிட். ஜெயிச்ச பிட்சர் அவர்தான். ஹார்டர் மொத்தம் 13 ஆல்ஸ்டார் இன்னிங்ஸ் போட்டு அவர் கணக்குல ஒரு ரன் கூட ஏறல, ஆனாலும் ஹால் ஆஃப் ஃபேம்ல (பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியல்) அவர் இல்ல. அன்னிக்கு அமெரிக்கன் லீக்குக்காக மொதல்ல இறங்கின ஒம்பது பேரும், அடிக்கத் தெரியாத கோமெஸ் உட்பட, பின்னாடி உள்ள போயிட்டாங்க.

அப்புறம் இன்னொரு விஷயம், நிறைய பேர் "அஞ்சு ஹால் ஆஃப் ஃபேமர்களை எதிர்கொண்டார்"னு எழுதுறாங்க. 1934ல ஹால் ஆஃப் ஃபேமுக்கு தேர்தலே நடக்கல, முதல் தேர்வு 1936லதான். அன்னிக்கு அவங்க சும்மா பயங்கரமான பேட்ஸ்மேன்கள், அவ்ளோதான்.

தூஸ்ரா_ரசிகன்:
ஒரு டவுட். அந்த சாதனைய யாரோ மெக்ஸிகோ பிட்சர் உடைச்சிட்டாருன்னு கேள்விப்பட்டேனே?

டபுள்ப்ளே_தங்கம்:
உடைக்கல, சமன் பண்ணாரு. ஃபெர்னான்டோ வாலன்சுவேலா, 1986, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம். மேட்டிங்லி, ரிப்கன், பார்ஃபீல்ட், விட்டேக்கர், ஹிகேரா, இந்த அஞ்சு பேரு. அஞ்சாவது ஆள் ஹிகேராவும் பிட்சர்தான், அவரும் மெக்ஸிகோக்காரர்தான். இப்ப வேடிக்கை பாருங்க, வாலன்சுவேலாவும் இடதுகை, அவருக்கும் பேரு வாங்கித் தந்தது ஸ்க்ரூபால், அவரும் நேஷனல் லீக், அன்னிக்கும் நேஷனல் லீக் தோத்துச்சு, 3-2. ஹப்பெல் அப்ப உயிரோட இருந்தாரு, 1988லதான் போனாரு.

ரெண்டு பேர் சேர்ந்து பண்ண கணக்குன்னா 1984ல சான் பிரான்சிஸ்கோல வாலன்சுவேலா மூணு, ட்வைட் கூடன் மூணுன்னு தொடர்ச்சியா ஆறு பேர். ஹப்பெல் பண்ணதுக்கு அம்பதாவது வருஷம் அது, மேட்ச்சுக்கு முன்னாடி மரியாதைக்கு முதல் பந்து போட்டதும் ஹப்பெல்தான். 1999ல ஃபென்வே பார்க்ல பெட்ரோ மார்ட்டினெஸ் மேட்ச்சோட முதல் நாலு பேரையும் தூக்கினாரு, அடுத்த ஆள் பந்தை அடிச்சு பீல்டர் தப்பால பேஸுக்கு போயிட்டாரு, வரிசை நாலோட நின்னுச்சு. உங்க க்விஸ் ஆள் அடுத்த தடவ இதையும் கேப்பாரு, எழுதி வெச்சுக்கோங்க.

பழைய_ஸ்கோர்கார்டு:
க்ரோனின் பத்தி ஒண்ணு விட்டுட்டோம். அன்னிக்கு அமெரிக்கன் லீக்குக்கு மேனேஜரே அவர்தான், ஆடிக்கிட்டே மேனேஜர் வேலையும். தன் ஆளுங்க நாலு பேர் வரிசையா திரும்பி வர்றத பாத்துட்டு அஞ்சாவதா தானே போய் அவுட் ஆனாரு. ஆனா கடைசில கோப்பைக்கு சிரிச்சது... கோப்பை கிடையாது, சும்மா சொன்னேன், ஜெயிச்சது அவர்தான்.

ஃபவுல்பால்_பார்ட்டி:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். க்விஸ் நடத்துனவர்கிட்ட சண்டைக்கு போகலாம்னு இருந்தேன், இப்ப வாய மூடிக்கிட்டு மூணு மார்க்க விட்டுட வேண்டியதுதான். பதிலுக்கு நான் அவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும், கஷ்டமா ஒண்ணு குடுங்களேன்.

பழைய_ஸ்கோர்கார்டு:
1933 ஜூலை 6, சிகாகோ கொமிஸ்கி பார்க், முதன்முதல் ஆல்ஸ்டார் மேட்ச். அதுல விழுந்த முதல் ரன் யாரோட அடில வந்துச்சுன்னு கேளுங்க. நூத்துக்கு தொண்ணூறு பேர் ரூத்துன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா முதல் ஹோம் ரன் அவருதுதான், அது மூணாவது இன்னிங்ஸ்.

ஃபவுல்பால்_பார்ட்டி:
நானும் ரூத்துன்னுதான் சொல்லியிருப்பேன். யாரு?

பழைய_ஸ்கோர்கார்டு:
ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஒரு சிங்கிள் அடிச்சு ரன் கொண்டுவந்தது லெஃப்டி கோமெஸ். நம்ம ஆறாவது ஆளேதான். வாழ்நாள் பேட்டிங் சராசரி .147, அதாவது நூறு தடவ அடிக்கப் போனா பதினஞ்சு ஹிட் கூட தேறாது.

ஃபவுல்பால்_பார்ட்டி:
😂😂 இப்பவே அனுப்புறேன் அவருக்கு.