புதுப்பிப்பு: கொசு முட்டைப் பொறி பலித்தது (சுங்கை சிப்புட், மலேசியா)

உதவிய எல்லாருக்கும் நன்றி. நான்காம் படிவ மாணவர்களின் ஏடிஸ் (டெங்கி பரப்பும் கொசு) ஆய்வுக்கு வைத்த வெள்ளை டப்பாக்களில் முட்டையே இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். கறுப்பு டப்பா, வைக்கோல் ஊறிய தண்ணீர், சொரசொரப்பான பலகைத் துண்டு என்று ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான் பலித்தது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, மிளகுத்தூள் தூவியது போலக் கரிய முட்டைகள்!

எதிர்பாராதது ஒன்று: காய்ந்த பலகையை மறுபடி நனைத்தபோதும் புழு வந்தது. ஏடிஸ் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் பொரிக்கும். அதனால் பலகையைக் கொதிநீரில் போட்டெடுத்த பிறகே வீசுங்கள்.

வலை கட்டிய ஜாடியில் வளர்த்த கொசுக்களுக்கு முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு: ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற வகை. ரப்பர் மரத்தடியில்தான் அதிகம் கிடைத்தது. பால் வெட்டாத மரங்களின் மங்குகளில் (பால் பிடிக்கும் கிண்ணங்களில்) மழைநீர் நிற்கிறது. கவிழ்த்து வைக்கும்படி மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) பேசியிருக்கிறோம்.