கிளினிக்கில் ஊசி போடும்போது எதைக் கவனிப்பது?

கேள்வி: நேற்று அம்மாவை வழக்கமான கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் ஏற்கெனவே பாதி காலியான மருந்து பாட்டிலை எடுத்து, ரப்பர் மூடியைத் துடைக்காமலே ஊசியைக் குத்தி உறிஞ்சினார், திறந்த தேதியும் அதில் எழுதியிருக்கவில்லை. டாக்டர் கைராசிக்காரர், கேட்டால் தப்பாக நினைப்பாரோ?

பதில் 1: தாராளமாகக் கேளுங்கள். பலமுறை எடுக்கும் பாட்டில் என்றால், கம்பெனி வேறு கெடு சொல்லாதவரை, திறந்த 28 நாளுக்குள் தூக்கிப்போட வேண்டும். ஒருமுறைக்கான பாட்டில் என்றால் மிச்சத்தை அடுத்தவருக்குப் போடவே கூடாது. சிரிஞ்ச் புதிதா?

கேட்டவர்: புதிதுதான், கண்முன்னே கவரைப் பிரித்தார்.

பதில் 2: அப்பாடா, பாதி நிம்மதி. தடுப்பூசிப் பிரிவில் வேலை பார்த்தவள் நான், எங்கே போனாலும் கண் ஃப்ரிட்ஜுக்குத்தான் போகும். உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்த அட்டை கதவில் தொங்க வேண்டும். ஓரிடத்தில் தடுப்பூசிக்குப் பக்கத்திலேயே யாரோ டிபன் டப்பாவை வைத்திருந்தார்கள்!

பதில் 3: பயன்படுத்திய ஊசி போடும் பெட்டியையும் பாருங்கள், முக்கால் நிரம்பியதும் மூடிவிட வேண்டும். நான் போகும் இடத்தில் ஊசிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சொன்னேன், டாக்டர் கோபப்படவில்லை, அப்புறம் போனபோது புதுப் பெட்டி இருந்தது.