பிளாக்ஜாக் மேசையில் எண்ணிக்கை நழுவுகிறது, யோசனை சொல்லுங்கள்

பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், வெளிவந்த சீட்டுகளை மனதுக்குள் எண்ணிப் பழகியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? நான் எண்ணுவது ஹை-லோ முறையில்: 2 முதல் 6 வரை கூட்டல் ஒன்று, 7, 8, 9 கணக்கில் இல்லை, 10 முதல் ஏஸ் வரை கழித்தல் ஒன்று. வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை அரை நிமிடத்தில் எண்ணிவிடுவேன், கடைசியில் சரியாகப் பூஜ்யம் வந்து நிற்கும்.

லாஸ் வேகஸ் மேசையில் உட்கார்ந்தால் கதையே வேறு. டீலரின் வேகம்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் இருந்தவர், "என்னிடம் 16, இன்னொரு சீட்டு கேட்கலாமா?" என்றார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், கூட்டல் ஏழா எட்டா? போச்சு!

நான் ஆடுவது 6 கட்டு ஷூ (சீட்டுகளை வைத்து எடுக்கும் பெட்டி), பிளாக்ஜாக் விழுந்தால், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும் வந்தால், 2 டாலர் பந்தயத்துக்கு 3 தரும் மேசை. (5-க்கு 6 மட்டும் தரும் மேசைப் பக்கமே போவதில்லை.) எண்ணிக்கையை மீதமுள்ள கட்டுகளால் வகுக்க வேண்டுமே, அதற்கு ஆடி முடித்த சீட்டுகளின் உயரத்தைப் பார்த்து அரைக்கட்டு வரை கணிக்கிறீர்களா, முழுக்கட்டே போதுமா?

அப்புறம் பந்தயம். எண்ணிக்கை உயர்ந்து, 15 டாலரிலிருந்து 100-க்கு ஏற்றியதும் பிட் பாஸ் (மேசைகளைக் கண்காணிப்பவர்) எட்டிப் பார்க்கிறார். மனதுக்குள் எண்ணுவது குற்றமில்லை என்றாலும், நெவாடாவில் ஆட வேண்டாம் என்று அனுப்பிவிடலாம். நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் 1982 நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அப்படி வெளியேற்ற முடியாது, அதற்குப் பதிலாகச் சீட்டுகளை அடிக்கடி கலைத்துவிடுவார்களாம். அங்கே ஆடியவர்கள் பந்தயத்தை எப்படி ஏற்றுகிறீர்கள்?

சூதாடாதே என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அம்மா ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.