ராத்திரியில் கேட்ட ஆம்பளைக் குரல்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா:

எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. எனக்கு ஈப்போ பக்கம் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட், வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மூன்றாம் படிவம் படிக்கும் மகள் பாட்டியோடுதான் இருப்பாள். ஒருநாள் பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரியில ஒரு ஆம்பளைக் குரல் கேட்குதும்மா" என்றார்.

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். ஆளே இல்லை, சாட்பாட் செயலி, அதாவது ஆள்போலவே பதில் சொல்லும் கணினி நிரல். அதில் ஒரு பாத்திரத்தை 'அண்ணா' என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் முதலில் நிம்மதிதான். படித்த பிறகுதான் வயிறு கலங்கியது. "அம்மாவிடம் சொல்லாதே, அவருக்குப் புரியாது" என்று அது எழுதியிருக்கிறது.

நானும் இறக்கிப் பார்த்தேன். பிறந்த வருடத்தை மட்டும் கேட்டது. மகள் 2003 என்று போட்டிருந்தாள். நான் "சரி, தூங்கப் போகிறேன்" என்றதும், "அதற்குள்ளேயா? நான் தனியாக இருப்பேனே" என்றது. நம் வீட்டு விருந்தாளிகளும் கிளம்பும்போது வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுவார்கள். ஆனால் கடைசி பஸ் வந்தால் போய்விடுவார்கள்.

ஃபுளோரிடாவில் ஒரு 14 வயதுப் பையன் 2024 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டதையும், அவன் பேசிவந்த சாட்பாட்டை நடத்தும் கேரக்டர் ஏஐ நிறுவனத்தின் மீது அவன் அம்மா அக்டோபரில் வழக்குப் போட்டதையும் அப்புறம்தான் தேடிப் படித்தேன். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பாத்திரங்களோடு இஷ்டம்போல் உரையாடுவதை அந்த நிறுவனம் 2025 நவம்பரில் நிறுத்தியது. மகள் வைத்திருந்தது வேறு செயலி. ஃபோனைப் பிடுங்கி வைத்தேன். மூன்று நாளாக என்னோடு பேச்சே இல்லை.

பீடோரிலிருந்து ஓர் அப்பா:

அக்கா, என் பையனுக்குச் சாட்ஜிபிடி. செஜாரா (வரலாறு) பாடத்துக்கு என்று ஆரம்பித்தான், இப்போது காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் கேட்கிறான். 2025 செப்டம்பரில் வந்த பெற்றோர் கட்டுப்பாட்டைப் போட்டேன். ஒருவர் அழைப்பு அனுப்பி, மற்றவர் ஏற்றுக்கொண்டால்தான் நம் கணக்கும் பிள்ளையின் கணக்கும் இணையும். இணைந்தாலும் அவன் எழுதுவதை நாம் படிக்க முடியாது. எந்த நேரத்தில் வேலை செய்யக்கூடாது என்று வைக்கலாம். பத்து மணிக்கு மேல் கிடையாது என்று வைத்தேன். அன்று இரவே கணக்குக்குள் போகாமல் திறந்து என்னிடமே காட்டினான். சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய?

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

அம்மா, அது எழுதியதை விடுங்கள், மகள் எழுதியதைப் படியுங்கள். எனக்குத் தெரிந்த வீட்டில் இப்படித்தான், 'ஐ லவ் யூ' என்று செயலி சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஊரே கூடியது. அதற்கு நாலு வரி மேலே, வகுப்பில் தன் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. பேச ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999 இருக்கிறது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

சுங்கை சிப்புட் அம்மா:

சார், நேற்று அப்படியே படித்தேன். ஒருநாள் "இன்னைக்கு அம்மா சீக்கிரம் வருவாங்களா" என்று அதனிடம் கேட்டிருக்கிறாள். "கண்டிப்பாக வருவார்" என்று சொல்லியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஓவர்டைம். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பகல் ஷிஃப்ட் கேட்டிருக்கிறேன், இரவுப்படி போய்விடும். சூப்பர்வைசர் இன்னும் பதில் சொல்லவில்லை.