பெரி-அர்பன் இன்டர்ஃபேஸ்: 'நகர்விளிம்பு' போதாது, 'மயங்குநிலம்' என்போம்

குழுவினருக்கு வணக்கம்.

ஊரும் நகரமும் ஒன்றோடொன்று கலக்கும் பகுதியைச் சொல்லும் 'பெரி-அர்பன் இன்டர்ஃபேஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்த சொற்களில் 'நகர்விளிம்பு'க்குத்தான் ஆதரவு அதிகம். சுருக்கமாக இருக்கிறது, சரி. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. விளிம்பு என்றதும் நகரம்தான் நடு, மற்றதெல்லாம் அதன் ஓரம் என்றாகிவிடுகிறது. அங்கே நெல் போடுகிறவரும் மாடு வைத்திருப்பவரும் கணக்கிலேயே வருவதில்லை. 'புறநகர்' என்றால் நகரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களின் குடியிருப்பு என்று பொருள் நிலைத்துவிட்டது. இன்டர்ஃபேஸுக்கு 'இடைமுகம்' என்பது கணினித் துறையில் ஊன்றிவிட்டது, அங்கேயே இருக்கட்டும்.

கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநிலங்களைப் பாருங்கள். சுமார் 12,500 ஹெக்டேர், 2002இல் ராம்சார் எனும் பன்னாட்டுச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தவை. நகரத்தின் கழிவுநீர் கால்வாய் வழியே ஆழமில்லாத மீன்குளங்களுக்கு வருகிறது, வெயிலும் பாசியும் அதைத் தெளியவைக்கின்றன, அந்த நீரில் வளர்ந்த மீன் அதே நகரத்துச் சந்தைக்குப் போகிறது. அங்குள்ள தாபா (Dhapa) என்ற இடத்தில் பழைய குப்பை நிலத்தில் காய்கறி, குளத்திலிருந்து வெளியேறும் நீரில் நெல். இதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பொறியாளர் துருவஜோதி கோஷ். இதில் எது ஊர், எது நகரம் என்று கோடு கிழிக்க முடியுமா?

சென்னையில் நம் பள்ளிக்கரணைச் சதுப்பில் கோடு கிழித்துத்தான் கெடுத்தோம். தென்சென்னைப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் வந்து சேருமிடம் அது. மேலே உள்ள ஏரிகளில் பெரியவை பொதுப்பணித்துறை வசம், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடம் என்று பிரிந்திருந்தன, பெருங்குடி குப்பைக்கிடங்கு மாநகராட்சிக்கு, மிஞ்சிய சதுப்பு வனத்துறைக்கு. தண்ணீர் இவர்கள் எல்லோரையும் கடந்துதான் ஓடுகிறது. 2022இல் ராம்சார் தகுதி கிடைத்தபோது பழைய பரப்பில் சிறு பகுதிதான் மிச்சம்.

அதனால் என் பரிந்துரை 'ஊர்நகர் மயங்குநிலம்', சுருக்கமாக 'மயங்குநிலம்'. மயங்குதல் என்றால் கலத்தல், சங்கப் பாடல்களில் ஒரு திணைக்கு உரியது இன்னொன்றோடு கலப்பதைத் திணைமயக்கம் என்பார்களே, அதே மயக்கம். "நிலன் ஒருங்கு மயங்குதல் இன்று", அதாவது நிலங்கள் ஒன்றாகக் கலப்பதில்லை என்று தொல்காப்பியம் சொல்கிறதே என்று புலவர்கள் கேட்பீர்கள். அது அகப்பாட்டின் திணைகளுக்குச் சொன்ன இலக்கணம். இன்று நிலமே மயங்கிக் கிடக்கிறது, அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை தமிழில் எனக்குத் தெரியவில்லை. 'இடைநிலம்' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது நல்ல சொல்தான், ஆனால் இரண்டுக்கும் நடுவில் காலி இடம் இருப்பதுபோல் ஒலிக்கிறது.

மயக்கம் என்றால் தலைசுற்றல் என்று நினைக்க மாட்டார்களா என்பது நியாயமான கவலை. முன்னால் 'ஊர்நகர்' சேர்த்தால் அந்தக் குழப்பம் வராது, முதல்முறை முழுசாக எழுதிவிட்டு அப்புறம் சுருக்கலாம். கூட்டுச்சொற்களும் தடையின்றி வருகின்றன: மயங்குநில வேளாண்மை, மயங்குநில நீர்மேலாண்மை, மயங்குநிலச் சூழல்மாற்றம்.

சொல் தொகுப்பில் ஏற்றும்போது 'புறநகர்' என்பதை சபர்ப் என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நகரமைப்புத் துறையில் இருப்பவர்கள் யாராவது இதை ஒரு திட்ட அறிக்கையில் பொருத்திப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதினால் நல்லது.