ஏப் மிட்செல்: ஓபன் வெல்லாதவருக்கு எதற்கு இந்தப் புகழ்?

கணக்கன்:
பிரிட்டன், அமெரிக்க கோல்ஃப் அணிகள் மோதிய ரைடர் கோப்பையின் உச்சியில் நிற்கும் உருவம் ஏப் மிட்செலுடையது. அதனாலேயே இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் தலைசிறந்த ஆங்கிலேய கோல்ஃப் வீரர் அவர்தான் என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். 1920இல் டீல் மைதானத்தில் நடந்த ஓபனை, அதாவது மொத்த அடிகள் குறைவானவரே வெல்லும் பிரிட்டிஷ் ஓபன் போட்டியை, மறந்துவிட்டீர்களா? முதல் நாள் இரண்டு சுற்றுகளில் மிட்செல் எடுத்த அடிகள் 74, 73. ஜார்ஜ் டங்கன் இரண்டிலும் 80. அதாவது 13 அடி இடைவெளி! மறுநாள் காலை டங்கன் 71, மிட்செல் 84, இருவரும் சமம். கடைசியில் டங்கன் வென்றார், மிட்செலுக்கு நான்காம் இடம். கைக்கு எட்டியதைக் கோட்டைவிட்டவர் தலைசிறந்தவரா?

சசெக்ஸ் ரசிகன்:
ஒரே ஒரு காலைப்பொழுதா ஒருவரின் எடை? அன்றைய தொழில்முறை வீரர்கள் ஒருவரையொருவர் அளந்தது மேட்ச் பிளேயிலும்தான், அதாவது மொத்த அடிகளை விட்டு, வென்ற குழிகளை எண்ணும் நேருக்கு நேர் ஆட்டத்திலும்தான். அதில் ஒரு குழியில் பத்து அடி போனாலும் இழப்பு ஒரு குழிதான். 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' மேட்ச் பிளே பட்டத்தை 1919, 1920, 1929 என மூன்று முறை வென்றவர் மிட்செல். 1926இல் வென்ட்வொர்த்தில் நடந்த பிரிட்டன்-அமெரிக்க அணி ஆட்டத்தில், முந்தைய ஆண்டின் ஓபன் சாம்பியன் ஜிம் பார்ன்ஸை 8 குழி முன்னிலையில், 7 குழி மீதமிருக்கும்போதே முடித்துவிட்டார்.

கணக்கன்:
பார்ன்ஸ் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். அந்த 'அமெரிக்க' அணியில் பலர் அப்படிக் குடியேறியவர்கள். ஆட்டமே அதிகாரபூர்வமானதாகக் கணக்கில் சேரவில்லை. 1929இல் மூர்டவுனில் நடந்த ரைடர் கோப்பையில் அசல் அமெரிக்கரான லியோ டீகல் இதே மிட்செலை 9க்கு 8 (9 குழி முன்னிலை, 8 குழி மீதம்) என்று உருட்டிவிட்டாரே! சிலை விஷயமும் தெரிந்ததுதான். கோப்பையை வழங்கிய விதை வியாபாரி சாமுவேல் ரைடர் மிட்செலைச் சம்பளம் கொடுத்துத் தன் ஆசிரியராக வைத்திருந்தார்.

சசெக்ஸ் ரசிகன்:
1933இல் சவுத்போர்ட் ரைடர் கோப்பையில் அமெரிக்கர் ஒலின் டுட்ராவை அதே 9க்கு 8 கணக்கில் வென்றதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? அப்போது அவருக்கு வயது 46. பிரிட்டன் ஒரே புள்ளி வித்தியாசத்தில் கோப்பையை வென்ற ஆண்டு அது.

மணற்குழி:
இருவரும் இன்னொரு ஆங்கிலேயர் ஹென்றி காட்டனை மறந்துவிட்டீர்கள். 1924 முதல் பத்து ஆண்டுகள் ஓபன் கோப்பை அமெரிக்காவிலிருந்து வந்தவர்களிடமே போனது. 1934இல் சாண்ட்விச் மைதானத்தில் 67, 65 என்று தொடங்கி அதை மீட்டவர் அவர். 1937இல் கார்னூஸ்டியில் அமெரிக்க ரைடர் கோப்பை அணியே களத்தில் இருந்தபோது மறுபடியும் வென்றார்.

சசெக்ஸ் ரசிகன்:
அந்தக் காட்டனும் 1934இல் கடைசிச் சுற்றில் 79 அடித்துத் தடுமாறியவர்தானே? அன்று அவரைத் துரத்திப் பிடிக்க ஒரு டங்கன் இல்லை.

மணற்குழி:
தடுமாறியும் ஐந்து அடி வித்தியாசத்தில் வென்றார். முதல் மூன்று சுற்றுகளில் அவ்வளவு சேர்த்து வைத்திருந்தார்.

கணக்கன்:
மிட்செலும் சேர்த்துத்தான் வைத்திருந்தார், 13 அடி. மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிட்டது.